பதினெட்டு அடிக் குழலும் ஒரு பிள்ளையின் மூச்சும்



ஆண்டுதோறும் ஆகஸ்டு 31ஆம் நாள் சுதந்திர தின அணிவகுப்பைப் பார்த்திருப்பீர்கள். பேண்டு வாத்தியக் குழுவினர் வரிசை வரிசையாக வருவார்கள். முரசு கொட்டுகிறவர்களும் சின்னக் குழல் ஊதுகிறவர்களும் வரும் வரிசைகளுக்கு நடுவே சிலர் தனியாகக் கண்ணில் படுவார்கள். மலைப்பாம்பு ஒன்று இடுப்பில் தொடங்கி, உடம்பைச் சுற்றித் தோளில் ஏறி, தலைக்கு மேலே வாயைப் பிளந்து நிற்பதுபோல ஒரு வாத்தியம் அவர்கள் மேல் இருக்கும். "அம்மாடி, எவ்ளோ பெருசு!" என்று பிள்ளைகள் கூவுவார்கள். அதன் பெயர் சூசபோன். டியூபா என்னும் வாத்தியக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை அது.

இந்தக் குடும்பத்தின் கதையை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துப் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போன மாணவன் ஒருவன், புகுமுக வகுப்பில் படிக்கும்போது பேண்டு குழுவில் சேர்ந்தான். ஆள் குள்ளம், மெலிந்த உடம்பு. கைக்கு அடக்கமான குழல்களை முந்தி வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தூக்க ஆளில்லாமல் மூலையில் இருந்த டியூபா இவனுக்கு மிஞ்சியது.

ஒரு சனிக்கிழமை அவன் தாயார் பால்வெட்டு முடித்த கையோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார். "சார், அந்தக் கொழலு இவன் ஒசரத்துக்கு இருக்கு. அத ஊதுனா புள்ள நெஞ்சு தாங்குமா? பேசாம நிறுத்திடச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. "படித்துப் பார்த்துச் சொல்கிறேன், அக்கா" என்றேன். படித்ததை அவருக்குச் சொன்னேன். அதையே இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

பாம்பு பெற்ற பிள்ளை

டியூபாவின் பாட்டனார் உண்மையிலேயே ஒரு பாம்புதான்! 'செர்ப்பென்ட்' என்றால் பாம்பு. 1590 வாக்கில் பிரான்சு நாட்டு ஓசேர் நகரில் எட்மே கியோம் என்ற பாதிரியார் அதை உண்டாக்கினார் என்பது மரபு. தேவாலயத்தில் பாடுகிறவர்களுக்குக் கீழ்ச்சுருதி துணை வேண்டியிருந்தது. சுமார் 8 அடி நீளமுள்ள மரக்குழலைப் பாம்புபோல் வளைத்து, தோல் போர்த்தி, விரலால் மூட ஆறு துளைகள் வைத்தார்கள். ஆனால் கை எட்டுகிற இடத்தில்தானே துளை வைக்க முடியும்? அதனால் சுருதி சரியாக நிற்காது. நல்ல காதுள்ளவன் கையில் வாத்தியம். மற்றவன் கையில் வெறும் முனகல்.

அடுத்து, 1817இல் பாரிசில் அலாரி என்னும் வாத்தியப் பட்டறைக்காரர் 'ஓஃபிகிளைடு' என்ற பித்தளைக் குழலைச் செய்தார். துளைகளை மூட மூடிச் சாவிகள் வந்தன. அதிலும் துளைத் தொல்லை முழுக்கத் தீரவில்லை.

தொல்லையைத் தீர்த்தது வால்வு என்னும் சிறு கருவி. நம் வாய்க்கால் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். மடையைத் திறந்தால் தண்ணீர் பக்கத்து வாய்க்காலிலும் சுற்றி வரும். அதுபோல வால்வை அழுத்தினால் காற்று இன்னொரு வளையத்தையும் சுற்றி வருகிறது. குழல் அந்த அளவுக்கு நீளமாகிறது; சுருதி கீழே இறங்குகிறது. துளையே வேண்டாம்! 1810களில் ஜெர்மன் நாட்டவர் கண்ட கருவி இது.

இந்த வால்வை வைத்துக்கொண்டு பெர்லின் நகரத்தில் இருவர் கைகோத்தனர். ஒருவர் இராணுவ இசையில் வல்லவரான வில்ஹெல்ம் வீப்ரெக்ட். மற்றவர் பட்டறைக்காரர் மோரிட்ஸ். 1835 செப்டம்பர் 12ஆம் நாள் அவர்களுடைய 'பாஸ் டியூபா'வுக்குப் பிரஷ்ய அரசு காப்புரிமை வழங்கியது. ஐந்து வால்வுகள், குழலின் நீளம் சுமார் 12 அடி, சுருதி எஃப். டியூபா என்பது பழைய ரோமாபுரி மக்களின் நீண்ட எக்காளத்தின் பெயர். பழைய பெயரைப் புதிய பிள்ளைக்குச் சூட்டினார்கள்.

நீளம் ஒன்று, பருமன் வேறு

பிறந்த பிள்ளை வளராமல் இருக்குமா? 1840களில் பொஹிமியா நாட்டுச் செர்வெனி என்ற பட்டறைக்காரர் இன்னும் கீழ்ச்சுருதியில் பெரிய டியூபாக்கள் செய்தார். 1880களில் 'கைசர்' டியூபா என்ற மிகப் பருத்த ஒன்றையும் வெளியிட்டார். கைசர் என்றால் சக்கரவர்த்தி. பெயரே அளவைச் சொல்கிறது அல்லவா?

மாணவர்களே, இங்கே ஒரு கணக்கு. டிரம்பெட் குழலை நீட்டிப் பார்த்தால் ஏறக்குறைய நாலரை அடி. டிரம்போன் 9 அடி. பி பிளாட் டியூபா 18 அடி. ஒவ்வொன்றும் முன்னதைப்போல் இருமடங்கு. குழல் இருமடங்கானால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி கீழே போகும். நாதசுவரத்திலும் இதைக் காணலாம். குட்டையான திமிரி நாயனத்துக்கு மேல்சுருதி. நீண்ட பாரி நாயனத்துக்குக் கீழ்ச்சுருதி.

டியூபாவில் நான்கு நீளங்கள் வழக்கில் உள்ளன. எஃப் சுமார் 12 அடி, ஈ பிளாட் 13 அடி, சி 16 அடி, பி பிளாட் 18 அடி. ஆனால் கடைக்காரர்கள் இன்னொரு அளவையும் சொல்வார்கள்: முக்கால், முழு, ஒன்றேகால், ஒன்றரை! இதைக் கேட்டதும், ஒன்றரை டியூபா என்றால் ஒன்றரை மடங்கு நீளம் என்று நானும் முதலில் நினைத்தேன். அது தவறு. சி டியூபா முக்காலாக இருந்தாலும் ஒன்றரையாக இருந்தாலும் நீளம் அதே 16 அடிதான். மாறுவது பருமன். சாரைப்பாம்பும் மலைப்பாம்பும் ஒரே நீளத்தில் கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், அப்படி.

இந்தப் பருமனுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கடைப் படிக்கும் இன்னொரு கடைப் படிக்கும் வித்தியாசம் இருக்குமே, அதுபோல ஒரு பட்டறையின் ஒன்றேகால் இன்னொரு பட்டறையின் முழு அளவாக இருக்கலாம். எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஊதித்தான் பார்க்க வேண்டும்.

ஊதிப் பார்த்தால் என்ன தெரியும்? பருத்த டியூபாவின் நாதம் அகலமானது. பெரிய மண்டபத்தில் நூறு பேர் வாசிக்கும்போது, அடியில் பாய் விரித்ததுபோல் எல்லாரையும் தாங்கும். ஆனால் அதற்கு விலை உண்டு. மூச்சு விரைவில் தீரும். ஊதியதும் சட்டென்று பேசாமல் சிறிது தாமதித்தே பேசும். வேகமான சுரங்கள் கலங்கிப்போகும். மேல்சுரங்களைக் குறி தவறாமல் பிடிப்பது கடினம். எடையும் 10 கிலோவுக்குக் குறையாது, கூடவும் செய்யும். சிறிய டியூபாவோ சொன்னதைச் சட்டென்று கேட்கும். மேல்சுரம் தெளிவாக வரும். ஆனால் ஆழமான கீழ்ச்சுரத்தில் நாதம் மெலியும். அளவுக்கு மீறி ஊதினால் உடைந்து கரகரக்கும்.

ஆகவேதான் தேர்ந்த வித்துவான்கள் பலர் இரண்டு வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் எஃப் ஒன்றும் பி பிளாட் ஒன்றும் வைத்துக்கொள்வது வழக்கம். அமெரிக்க இசைக்குழுக்களில் சி டியூபாவுக்கே முதலிடம். எது உயர்ந்தது என்று கேட்டால், எந்த வேலைக்கு என்று திருப்பிக் கேட்பார்கள்.

ஆலைத் தொழிலாளர் கையில்

இதெல்லாம் பெரிய மனிதர் சங்கதி என்று எண்ணிவிடாதீர்கள். டியூபாவை ஊர் ஊராகப் பரப்பியதில் தொழிலாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இங்கிலாந்தின் வடக்கே நிலக்கரிச் சுரங்கங்களிலும் கம்பளி ஆலைகளிலும் வேலை செய்தவர்கள் பித்தளை வாத்தியக் குழுக்கள் அமைத்தார்கள். யார்க்ஷயரில் குவீன்ஸ்பரி என்ற ஊரில் ஜான் ஃபாஸ்டரின் ஆலையோடு சேர்ந்து 1855இல் உருவான 'பிளாக் டைக் மில்ஸ்' குழு அவற்றுள் புகழ் பெற்றது. பகலெல்லாம் தறிச் சத்தம்; பொழுது சாய்ந்தால் குழல் பயிற்சி. இத்தகைய குழுக்களில் வழக்கமாக ஈ பிளாட் டியூபா இரண்டு, பி பிளாட் டியூபா இரண்டு என நான்கு பெருங்குழல்கள் இருக்கும்.

இவர்கள் செய்த ஓர் ஏற்பாடு என்னை மிகவும் கவர்ந்தது. சின்னஞ்சிறு கார்னெட் முதல் பெரிய டியூபா வரை ஏறக்குறைய எல்லா வாத்தியங்களுக்கும் ஒரே விதமாக இசைக்குறிப்பு எழுதினார்கள். எழுத்து ஒன்று, விரல் வைக்கும் முறையும் ஒன்று. கார்னெட் ஊதக் கற்றவர், டியூபா ஊதுகிறவர் நோயில் படுத்தால், போய் அவர் நாற்காலியில் உட்காரலாம். புதிதாக எழுத்துக் கூட்ட வேண்டியதில்லை. கல்லூரி காணாத தொழிலாளர்கள் போட்டி மேடைகளில் கடினமான இசையை வாசித்ததற்கு இந்த எளிய ஏற்பாடும் ஒரு காரணம்.

தோளில் ஏறிய கதை

உட்கார்ந்து மடியில் வைத்து ஊதுவது சரி. நடந்துகொண்டே ஊதுவது எப்படி? 1840களிலேயே உடம்பைச் சுற்றித் தோளில் மாட்டும் 'ஹெலிகன்' வந்துவிட்டது. காண்டாக் கம்பில் பால் வாளி தூக்குகிற நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: கையில் தூக்கினால் கனக்கிற சுமை தோளில் ஏறினால் தாங்கும்.

அமெரிக்கக் கடற்படை வீரர் பேண்டை 1880 முதல் 1892 வரை நடத்திய ஜான் ஃபிலிப் சூசா, ஹெலிகனின் நாதம் ஒரு பக்கமாகப் பீறிடுகிறது, அது குழுவின் மேலே பரவினால் நன்றாயிருக்கும் என்று விரும்பினார். அவர் கேட்டபடி பிலடெல்பியாவின் ஜே. டபிள்யூ. பெப்பர் 1893இல் வாய் வானத்தைப் பார்த்த ஒரு குழலைச் செய்தார். சூசாவின் பெயரால் அது சூசபோன் ஆயிற்று. மழை பெய்தால் தண்ணீர் நேரே உள்ளே விழும் என்பதால் 'மழை பிடிப்பான்' என்று கேலிப் பெயரும் வைத்தார்கள்! பிற்காலத்தில்தான் வாய் முன்பக்கம் திரும்பியது. பித்தளைச் சூசபோன் பிள்ளைகளுக்குக் கனமாக இருந்ததால் 1960களில் கண்ணாடி நாரிழையில் செய்த இலேசான சூசபோன் வந்தது. பள்ளிப் பேண்டுகளில் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் அதுதான்.

பெரிதிலும் பெரிது

பெரிது நல்லதென்றால் இன்னும் பெரிது இன்னும் நல்லதாக இருக்க வேண்டுமே! அந்த ஆசையும் மனிதனை விடவில்லை. இன்று செக் நாட்டில் உள்ள கிராஸ்லிட்சே ஊரில் போலண்டு ஃபுக்ஸ் என்ற பட்டறை, 1910 வாக்கில் ஆள் உயரத்தையும் மிஞ்சும் ஓர் இராட்சத டியூபாவைச் செய்தது. ஊதினால் சத்தம் வரும், பொய்யில்லை. ஆனால் ஊத ஒருவர், வால்வை அழுத்த இன்னொருவர் என இரண்டு பேர் வேண்டும்! ஒருவருடைய மூச்சும் விரலும் ஒருவருடைய மனத்துக்குக் கட்டுப்பட்டால்தானே இசை? இத்தகைய இராட்சதக் குழல்கள் உலகில் ஒரு சிலவே உள்ளன. அவை வேடிக்கைப் பொருளாயின. எந்த இசைக்குழுவிலும் நிலையாக இடம்பெறவில்லை.

சரி, பெரியதெல்லாம் வீண்தானா என்றால் அதுவும் இல்லை. இங்கேதான் அந்தத் தாயார் கேட்ட கேள்விக்கு விடை தரும் மனிதர் வருகிறார்.

1930களின் தொடக்கத்தில் பிலடெல்பியா இசைக்குழுவின் தலைவர் ஸ்டோகோவ்ஸ்கி, தேவாலய ஆர்கன்போல நிறைந்து ஒலிக்கும் டியூபா வேண்டும் என்றார். மிச்சிகன் மாநிலத்தில் கிராண்டு ராப்பிட்ஸ் நகரத்து யார்க் நிறுவனம் ஒன்றரை அளவில் சி டியூபா ஒன்றைச் செய்து கொடுத்தது. வாங்கியவர் அக்குழுவின் டியூபா வித்துவான் டொனடெல்லி. அவரோ பருத்த சரீரம் உடையவர். வாத்தியத்தை மடியில் வைத்தால் வயிறு இடித்தது. ஊதும் முனை வாய்க்கு எட்டவில்லை! பெரிய ஆளுக்குப் பெரிய வாத்தியம் பொருந்தும் என்று நாம் நினைப்போம், நடந்தது வேறு. அவர் அதைக் கர்ட்டிஸ் இசைக் கழகத்தில் தம்மிடம் படித்த ஏழை மாணவனுக்கு 175 டாலருக்கு விற்றுவிட்டார்.

அந்த மாணவர்தான் ஆர்னால்டு ஜேக்கப்ஸ். 1915இல் பிறந்த அவர் 1944 முதல் 1988 வரை, 44 ஆண்டுகள், சிகாகோ இசைக்குழுவின் டியூபா வித்துவானாக இருந்தார். அவருக்கு மற்றவர்களைவிட நுரையீரல் கொள்ளளவு குறைவு, ஆஸ்துமாவும் இருந்தது. காற்றுப் பஞ்சமுள்ள மனிதர், உலகிலேயே காற்றை அதிகம் குடிக்கும் வாத்தியங்களில் ஒன்றை ஊதினார்!

எப்படி முடிந்தது? மூச்சை அவர் ஒரு பாடமாகவே படித்தார். அளவுக் கருவிகள் வைத்துச் சோதித்தார். டிரம்பெட்டின் மேல்சுரத்துக்குக் குறைந்த காற்று, ஆனால் மிகுந்த அழுத்தம் வேண்டும். புது பலூனை ஊதும்போது கன்னம் வலிக்குமே, அது போல. டியூபாவின் கீழ்ச்சுரத்துக்கு நிறையக் காற்று வேண்டும். அழுத்தமோ சிறிதே போதும். கண்ணாடியைத் துடைக்க 'ஹா' என்று ஊதுவோமே, அது போல. ஆகவே டியூபாவுக்கு நெஞ்சை இறுக்கி முட்டுவது தவறு. இறுக்கினால் காற்று நின்றுபோகும். நிறைய இழுத்து, தளர்வாக விட்டு, தீர்வதற்கு முன்பே மறுபடி இழுக்க வேண்டும். வாயை நினைக்காதே, மனத்துக்குள் பாட்டைப் பாடு, காற்று தானே போகும் என்பதே அவர் போதித்த நெறி. டியூபாக்காரர்கள் மட்டுமல்ல, மற்ற குழல் வித்துவான்களும் அவரிடம் மூச்சு படிக்கப் போனார்கள். 1998இல் அவர் காலமானார்.

அவருடைய யார்க் டியூபா பின்னர் சிகாகோ இசைக்குழுவின் சொத்தாயிற்று. சுவிட்சர்லாந்தின் ஹிர்ஸ்பிரன்னர், ஜப்பானின் யமஹா முதலிய நிறுவனங்கள் அதை மாதிரியாக வைத்து டியூபாக்கள் செய்தன. பருமன் ஒன்றரை, ஆனால் சிறிய குழலைப்போல் சட்டென்று பேசும் என்பதே அதன் புகழுக்குக் காரணம். அதாவது, பெரியதாக இருந்ததால் அது போற்றப்படவில்லை. பெரியதாக இருந்தும் சொன்னதைக் கேட்டதால் போற்றப்பட்டது.

சிறியதன் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். 1954 ஜூன் 13ஆம் நாள் லண்டனில், 81 வயதான வான் வில்லியம்ஸ் எழுதிய டியூபா கச்சேரி இசை அரங்கேறியது. வாசித்தவர் ஃபிலிப் காட்டலினெட். பின்வரிசையில் உறுமிக்கொண்டிருந்த வாத்தியம், இசைக்குழு முழுவதும் துணை நிற்க, முன்னால் வந்து பாடியது. அக்காலத்தில் இங்கிலாந்து இசைக்குழுக்களில் வழங்கியது சிறிய எஃப் டியூபாதான்.

நம் பள்ளித் திடலில்

இவ்வளவையும் அந்தத் தாயாரிடம் சொல்லி, "நெஞ்சு வலிச்சா, மூச்சு வாங்குனா உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. தல சுத்துனா ஒக்காந்து எளப்பாறச் சொல்லுங்க. மத்தபடி பயப்பட வேணாம். தூக்குறதுக்குத்தான் ஒடம்பு வேணும்; ஊதுறதுக்கு மூச்சு போதும்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப ஊதட்டும் சார்" என்று சொல்லிப் போனார்.

பிறகு எனக்கே ஓர் ஆசை பிறந்தது. செம்பனை நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்சிக் கழித்துப் போட்ட இரப்பர்க் குழாயைக் கேட்டு வாங்கி, நாலரை அடி, 9 அடி, 18 அடி என மூன்று துண்டாக நறுக்கி, நுனியில் மண்ணெண்ணெய்ப் புனல் செருகிப் பள்ளித் திடலுக்குக் கொண்டுபோனேன். உதட்டைச் சேர்த்துத் துடிக்கவிட்டு ஊத வேண்டும். பெரிய பையன்கள் முதலில் ஓடி வந்து, முகம் சிவக்க முட்டி முட்டி ஊதினார்கள். 18 அடிக் குழாயில் 'புஸ்' என்று காற்றுத்தான் வந்தது. கடைசியில் நான்காம் ஆண்டில் படிக்கும் ஒரு சிறுமி, எல்லாரும் சிரிக்க, குழாயை வாங்கி, தோளைத் தளர்த்தி மெல்ல ஊதினாள். திடலின் மறுகோடியில் மேய்ந்த மாடு தலை தூக்கிப் பார்க்கும்படி ஆழமான ஒரு நாதம் கிளம்பியது!

பெற்றோர்களே, நம் பள்ளி சிறியது, பிள்ளைகளும் குறைவு. "இந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துல படிச்சு என்னா ஆகப்போவுது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் வாதம் செய்வதில்லை. அந்தச் சிறுமி ஊதியதை மட்டும் சொல்கிறேன். உங்கள் பிள்ளை பெரிய பொருள் ஒன்றைத் தூக்க ஆசைப்பட்டால், உடம்பை அளந்து பார்த்து 'உன்னால் முடியாது' என்று சொல்லிவிடாதீர்கள். ஒருமுறை ஊதிப் பார்க்க விடுங்கள்.

புகுமுக வகுப்பில் சேர்ந்த அந்த மாணவன் இப்போது படிவம் இரண்டில் படிக்கிறான். டியூபா இன்னும் அவன் மடியில்தான் இருக்கிறது. இவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அந்த இரப்பர்க் குழாயைப் பத்திரமாகச் சுருட்டி வைத்திருக்கிறேன். விழா முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் திடல் பக்கம் வாருங்கள். விருப்பமுள்ளவர் யாரும் ஊதிப் பார்க்கலாம். பெரியவர்களும் வெட்கப்படாமல் வரலாம்.

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!